டாக்டர் போட்கின் ஏன் போகவில்லை?

கேள்வி | 3 ஜூன் 2023

ரஷ்யாவின் கடைசி ஜார் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட டாக்டர் போட்கினைப் புனிதர் ஆக்கியிருக்கிறார்கள் என்று படித்தேன். எனக்குப் புரியவில்லை. அரண்மனைச் சம்பளம் வாங்கினார், அரண்மனையோடு போனார். பெற்ற நான்கு பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு ராஜாவோடு போய்ச் சாவதற்குப் பேர் விசுவாசமா, அடிமைப்புத்தியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

அடிமைப்புத்தி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. அந்த மனிதர் கூடவே இருந்தது ஒரு நோயாளிப் பையனுக்காக. பையனின் அப்பா ராஜாவாக இருந்தார், பிறகு ராஜாவாக இல்லாமல் போனார். போட்கின் செய்த வேலை இரண்டு காலத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்று, 1918-ல் பிள்ளைகள் நான்கு பேர் இல்லை. மூத்தவன் திமித்ரி 1914 டிசம்பரிலேயே போர்முனையில் இறந்துவிட்டான். மிச்சம் யூரி, தத்யானா, க்ளெப். பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன், எனக்கும் அதில் மனம் ஆறவில்லை.

4 ஜூன்

ஆள் யார் என்று முதலில் பார்த்துவிடலாம்.

யெவ்கெனி செர்கெயெவிச் போட்கின், பிறந்தது 1865-ல், ஜார்ஸ்கொயே செலோவில். அப்பா செர்கெய் போட்கின் அந்தக் கால ரஷ்யாவின் தலைசிறந்த மருத்துவர்களில் ஒருவர். இரண்டாம் அலெக்சாந்தர், மூன்றாம் அலெக்சாந்தர் இரண்டு பேருக்கும் அரண்மனை வைத்தியர். நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்தாரே பாவ்லோவ், அவர் பல வருடம் வேலை பார்த்தது இந்த அப்பாவின் ஆய்வுக்கூடத்தில்தான். ரஷ்யாவில் தொற்றும் வகை மஞ்சள் காமாலைக்கு ‘போட்கின் நோய்’ என்றே பேர்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 1889-ல் ராணுவ மருத்துவ அகாதமியில் படித்து முடித்ததும் ஏழைகளுக்கான மரியின்ஸ்கி மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார். ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து மாணவர்களுக்குப் பாடமும் எடுத்தார். நோயாளிகளுக்குச் ‘செல்லம் கொடுப்பது’ என்றால் என்ன என்றே 1903-ல் ஒரு விரிவுரை நடத்தியிருக்கிறார். நோயாளியிடம் காட்டும் பிரியத்தையும் சிகிச்சையின் பாகமாகப் பார்த்தவர்.

1904-ல் ஜப்பானோடு போர் வந்ததும், செஞ்சிலுவைப் பணிக்குத் தானாகக் கேட்டுக்கொண்டு மஞ்சூரியா போனார். வீட்டில் மனைவியும் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே வஃபாங்கோ சண்டையின்போது காயம்பட்ட ஒரு மருத்துவ உதவியாளர் திரும்பவும் முன்வரிசைக்குப் போகத் தயங்கியிருக்கிறார். போட்கின் அவருடைய மருந்துப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு தானே போய்விட்டார். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் இதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். பிற்பாடு அவர் கொல்லப்பட்ட எகாதெரின்பர்கில் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு இடம் போதும். மஞ்சூரியா போனபோது அவருக்கு அரண்மனையில் வேலையே கிடையாது.

அரண்மனைக்கு வந்தது 1908 ஏப்ரலில். முந்தைய மருத்துவர் ஹிர்ஷ் இறந்த பிறகு, அரசி அலெக்சாந்திராவே போட்கின் பேரைச் சொல்லிக் கேட்டார்.

4 ஜூன், சற்று நேரம் கழித்து

‘சம்பளம் வாங்கினார்’ என்பதற்கு ஒரு வரி. 1917 மார்ச்சில் சம்பளம் கொடுத்த அரசே விழுந்துவிட்டது. அதன் பிறகு அவர் இருந்தது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7 ஜூன்

நான் இந்தக் கதைக்குள் வந்த வழியைச் சொன்னால்தான் இத்தனை வேகமாகப் பேசுவதன் காரணம் புரியும்.

என் அக்கா மகனுக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறைவதற்கான ஒன்பதாம் காரணி குறைவு. தவழ ஆரம்பித்ததும் முட்டியில் நீலம் நீலமாகத் திட்டு வந்தது. யாரோ பிள்ளையை அடிக்கிறார்கள் என்று ஒரு கிளினிக்கில் அக்காவையே சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு நோயின் பேர் தெரிந்தது. இப்போது அரசு மருத்துவமனையில் அந்தக் காரணியை ஏற்றும் ஃபாக்டர் ஊசி கிடைக்கிறது, பையன் காலேஜ் போகிறான். ஆனால் முட்டிக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மூட்டு பந்து மாதிரி வீங்கும், சூடாகும், காலை நீட்ட முடியாது. பிள்ளை அழுது அழுது ஒரு கட்டத்தில் சத்தம் வராமல் வாயை மட்டும் திறக்கும். ஊசி ஏறி வேலை செய்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைத் தவிர யாரும் எதுவும் செய்ய முடியாது.

இளவரசன் அலெக்ஸெய்க்கும் அதே நோய்தான். இது ஊகமல்ல. 2009-ல் எலும்புகளில் இருந்து எடுத்த மரபணுவைப் பரிசோதித்து ஹீமோபிலியா பி என்று உறுதி செய்தார்கள். எங்கள் வீட்டுப் பையனுக்கு இருக்கும் அதே வகை. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் போட்கின் பேரையும் முதலில் கவனித்தேன்.

இப்போது 1908-ஐ யோசியுங்கள். ஃபாக்டர் ஊசி இல்லை. பையனுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. டாக்டரிடம் படுக்கை இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, கட்டுத்துணி இருக்கிறது. பக்கத்தில் உட்காருவது இருக்கிறது. பத்து வருடம் அதைத்தான் செய்தார்.

8 ஜூன்

அலெக்சாந்திராவைப் பற்றி யாரோ ‘மனநோய் பிடித்த ராணி’ என்று போட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள். இது தாய்வழியாக வருகிற நோய். அலெக்சாந்திராவின் பாட்டி இங்கிலாந்தின் விக்டோரியா அரசி. அவருடைய மகன் லியோபோல்டு இதனால் 1884-ல் இறந்தார். அலெக்சாந்திராவின் சொந்த அண்ணன் ஃப்ரெடெரிக், மிகச் சின்ன வயதில் ஜன்னலில் இருந்து விழுந்து 1873-ல் இறந்ததும் இதனால்தான். தன் உடம்பில் இருந்துதான் பிள்ளைக்குப் போனது என்று தெரிந்த ஒரு தாய்க்கு நெஞ்சு படபடக்கும், கால் நடக்காது, எழுந்திருக்கவே தோன்றாது. என் அக்கா ரொம்ப நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள்.

போட்கின் அரசிக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தார், இதயக் கோளாறு என்று சொல்லிப் படுக்கையில் வைத்துவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். இருக்கலாம். செல்லம் கொடுப்பதைப் பற்றி விரிவுரை நடத்தியவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? அந்தக் குறையை அவர் மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

11 ஜூன்

ரஸ்புதின் விஷயம் வரும் என்று தெரியும், வந்துவிட்டது. பையனை அந்தச் சாமியார்தான் குணப்படுத்தினாரா என்று கேட்ட மாணவிக்காக ஸ்பாலா கதை.

1912 இலையுதிர்காலம், போலந்தில் ஸ்பாலா என்ற வேட்டை மாளிகை. அலெக்ஸெய்க்கு எட்டு வயது. தொடைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவில் ரத்தக்கசிவு. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. போட்கின், அறுவை மருத்துவர் ஃபியோதரோவ், குழந்தை மருத்துவர் ரௌஹ்ஃபூஸ் எல்லோரும் இருந்தார்கள். அறுத்தால் அங்கேயே ரத்தம் போய் இறந்துவிடுவான், அறுக்காவிட்டால் கசிவு நிற்கவில்லை. சாகும் தருவாயில் இருப்பவருக்குச் செய்யும் கடைசிச் சடங்குகூடச் செய்தாயிற்று. மரண அறிவிப்புக்கு நாடு தயாராக வேண்டும் என்று உடல்நிலை அறிக்கைகள் வெளியாயின. அப்போதுதான் சைபீரியாவில் இருந்து ரஸ்புதினின் தந்தி வருகிறது: பையன் சாகமாட்டான், டாக்டர்கள் அவனை ரொம்பத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற பொருளில். கசிவு நின்றது.

டாக்டர்கள் ஆஸ்பிரின் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தியதால்தான் பையன் பிழைத்தான் என்று இங்கே ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். ஆஸ்பிரின் 1899 முதல் கடையில் கிடைத்தது, அது ரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பது பல பத்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது, அதுவரை சரி. ஸ்பாலாவில் கொடுத்தார்கள் என்பது ஊகம் மட்டுமே. பெரிய கசிவுகள் சில சமயம் தாமாகவும் நிற்கும். உள்ளே இடமில்லாமல் அழுத்தம் ஏறினால் நிற்கும். எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறோம்.

இந்த ஸ்பாலா விஷயத்தில்தான் போட்கின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெளியான அறிக்கைகளில் நோயின் பேர் இல்லை. நோயைக் குடும்பம் மறைத்தது, மருத்துவர்கள் அந்த மறைப்பைக் காத்தார்கள். போட்கின் தன் வீட்டுப் பிள்ளைகளிடம்கூட அரண்மனைக்குள் நடப்பதைப் பேசமாட்டாராம், மகள் எழுதியிருக்கிறார். பையனுக்கு என்ன என்று நாட்டுக்குத் தெரிந்திருந்தால், ரஸ்புதின் எதற்கு அரண்மனைக்கு வருகிறார் என்பதும் தெரிந்திருக்கும். ஒரு தாய் பிள்ளைக்காகச் சாமியாரைப் பிடித்துத் தொங்குவதை ரஷ்ய ஜனங்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். தெரியாததால், வேறு மாதிரிப் பேசினார்கள். அந்தப் பேச்சு ஆட்சியையே அரித்தது.

12 ஜூன்

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லாமல் இருப்பது மருத்துவரின் கடமை. சொல்லும் உரிமை பெற்றோருக்குத்தான், அவர்கள் வேண்டாம் என்றார்கள். அப்படியிருக்க போட்கின் என்ன செய்திருக்க முடியும்? ‘சொல்லிவிடுங்கள்’ என்று ஜார் நிக்கோலாஸை வற்புறுத்தியிருக்கலாம். வருத்தம் போகவில்லை, ஆனால் அதில் பெரும் பங்கு நிக்கோலாஸ் கணக்கில்தான் சேரும்.

15 ஜூன்

புரட்சி வந்த நாட்களில் அரண்மனை எப்படி இருந்தது என்று பலருக்குத் தெரிவதில்லை. 1917 மார்ச்சில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை. ஐந்து பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்தது. இருட்டு அறைகள், காய்ச்சல். ஜார் ரயிலில் எங்கேயோ மாட்டிக்கொண்டு பதவி விலகுகிறார். ஊரில் துப்பாக்கிச் சத்தம். அந்த அறைகளுக்கு நடுவே போட்கினும், அலெக்ஸெயைத் தனியாகப் பார்த்துக்கொண்ட டாக்டர் தெரெவென்கோவும்.

பிறகு கைது. வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லப்பட்டது: போக வேண்டும் என்றால் இப்போதே போகலாம், இருந்தால் நீங்களும் கைதிகள். நேற்று வரை முன்வரிசையில் நின்றவர்கள் பலர் போய்விட்டார்கள். நாற்பது டிகிரிக் காய்ச்சலில் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டு டாக்டர் எங்கே போவார்?

இதனால்தான் ‘முடியாட்சிக்கு விசுவாசம்’ என்ற சொல் எனக்கு இங்கே ஒட்டவில்லை. அவர் முடியாட்சியை மதித்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வாரம் அவரைப் பிடித்து நிறுத்தியது தெர்மாமீட்டர்.

16 ஜூன்

ஆகஸ்டில் சைபீரியாவுக்கு, தபோல்ஸ்க் ஊருக்கு அனுப்பினார்கள். குடும்பம் கவர்னர் மாளிகையில். போட்கின் எதிர்ப்பக்கம் ஒரு வியாபாரி வீட்டில், தத்யானாவும் க்ளெப்பும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். மனைவி சில வருடங்களுக்கு முன்பே பிரிந்து போய்விட்டார். இவர் அரண்மனையே கதி என்று இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

தபோல்ஸ்கில் ஊர் ஜனங்கள் இவரிடம் வைத்தியத்துக்கு வர ஆரம்பித்தார்கள், இவரும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. க்ளெப் மிருகங்களை மனிதர்கள் மாதிரி உடை போட்டு வரைந்து கதை எழுதுவான். அப்பா அதைச் சட்டைக்குள் வைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய் அலெக்ஸெயிடம் கொடுப்பார். எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இது.

19 ஜூன்

1918 ஏப்ரல். அலெக்ஸெய்க்கு மறுபடி அடிவயிற்றில் கசிவு, ஸ்பாலாவுக்குப் பிறகு அவ்வளவு மோசமாக வந்தது இப்போதுதான். அந்த நேரம் பார்த்து மாஸ்கோவில் இருந்து யாகொவ்லேவ் என்ற கமிஸார், அதாவது புதிய அரசின் அதிகாரி, வந்து ஜாரைக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார். பையனை அசைக்க முடியாது. அலெக்சாந்திரா ராத்திரி முழுக்க அறைக்குள் நடந்து நடந்து யோசித்துவிட்டுக் கணவனோடு போவதென்று முடிவு செய்கிறார். கூட மூன்றாவது மகள் மரியா. போட்கினும். பையனோடு தெரெவென்கோ இருந்தார்.

இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘நோயாளிக்காக என்கிறீர்களே, நோயாளியை விட்டுவிட்டு ஜாரோடு ஏன் போனார்?’ சரியான கேள்வி. பையனுக்கு வேறொரு டாக்டர் இருந்தார் என்பது ஒரு பதில். அலெக்சாந்திராவும் அவருடைய நோயாளிதான் என்பது இன்னொரு பதில். நடக்க முடியாத பெண்ணை ஸ்ப்ரிங் இல்லாத வண்டியில், உருகிக்கொண்டிருக்கும் ஆற்றுப் பனி மேல் கூட்டிப்போனார்கள். ஆனாலும் நான் முதல் நாள் ‘ஒரு பையனுக்காக’ என்று எழுதியது போதாது. அந்த ஏழு பேரும் அவருக்கு நோயாளிகள்.

வழியில் போட்கினுக்கே சிறுநீரக வலி வந்துவிட்டது. ஒரு கிராமத்தில் வண்டிகளை நிறுத்தி அவரைப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. அந்த வலி கடைசி வரைக்கும் விடவில்லை. தத்யானாவும் க்ளெப்பும் தபோல்ஸ்கிலேயே நின்றுவிட்டார்கள். அதன் பிறகு அப்பாவைப் பார்க்கவில்லை.

20 ஜூன்

எகாதெரின்பர்க், இபாத்தியேவ் வீடு. மே 23-ல் மற்ற பிள்ளைகளும் வந்தார்கள். ஜன்னல்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது, சுற்றி உயரமான பலகை வேலி.

அலெக்ஸெய்க்கு முட்டி வலி. எப்போதும் அவனைத் தூக்கிச் சுமக்கும் மாலுமி நகோர்னியைச் சில நாளில் பிரித்துவிட்டார்கள். சுவிஸ் ஆசிரியர் ஜிலியாரையும் ஆங்கில ஆசிரியர் கிப்ஸையும் உள்ளேயே விடவில்லை. போட்கின் உரால் பகுதி நிர்வாகக் குழுவுக்கு ஒரு மனு எழுதினார். பத்து வருடமாக இந்தக் குடும்பத்தின் உடல்நிலையைப் பார்க்கும் டாக்டர் என்ற முறையில் எழுதுகிறேன் என்று ஆரம்பம். பையனுக்குத் தாங்க முடியாத வலி, இரவும் பகலும் கூட இருக்க வேண்டியிருக்கிறது, அவன் அம்மாவாலும் என்னாலும் முடியவில்லை, எனக்கும் உடம்பு சரியில்லை, அந்த இரண்டு ஆசிரியர்களையும் உள்ளே விடுங்கள், அவர்கள் எந்த மருந்தையும் விட அவனுக்கு உதவுவார்கள் என்று கெஞ்சுகிறார். காவல் பொறுப்பாளர் அவ்தேயெவ், இருக்கிற வேலையாட்களே அதிகம் என்று அதன் மேல் எழுதிவிட்டார்.

ஹீமோபிலியாப் பிள்ளை உள்ள வீட்டுக்காரர்கள் அந்த மனுவைப் படித்தால் புரியும். இரவில் காலை எந்த வாக்கில் வைத்தால் வலி குறையும் என்று ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். அந்த ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது என் அம்மா.

20 ஜூன், இரவு

சொல்ல விட்டது. மே மாதத்தில் ஒரு நாள் தெரெவென்கோவோடு கறுத்த தலைமுடிக்காரர் ஒருவர் உள்ளே வந்து, அலெக்ஸெயின் காலைப் பார்த்து யோசனை சொன்னார். குடும்பம் அவரை டாக்டர் என்றே நினைத்தது, நிக்கோலாஸ் டைரியில் அப்படி எழுதியிருக்கிறார். அவர் யாக்கொவ் யுரோவ்ஸ்கி. ஜூலை 4-ல் வீட்டின் பொறுப்பை ஏற்றவர், கொலையை முன்னின்று நடத்தியவர். அவர் உண்மையிலேயே மருத்துவ உதவியாளர் பயிற்சி பெற்றவர்தான்.

24 ஜூன்

‘போட்கினை அழைத்து விடுதலை தருகிறோம் என்றார்கள், பையனை விட்டு வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மறுத்தார்’ என்ற காட்சியை இரண்டு பேர் இங்கே பகிர்ந்திருக்கிறீர்கள். அது யோஹன் மேயர் என்ற ஆஸ்திரியப் போர்க்கைதி பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில் வருவது. அதில் உள்ள வேறு பல விஷயங்கள் ஆவணங்களோடு பொருந்தவில்லை, ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. படிக்க உருக்கமாக இருக்கும். தயவுசெய்து அதைச் சான்றாக வைக்காதீர்கள்.

அதைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. ஜூனில் ‘ஒரு ரஷ்ய அதிகாரி’ என்று கையெழுத்திட்ட ரகசியக் கடிதங்கள், பிரெஞ்சு மொழியில், வீட்டுக்குள் வந்தன. உங்களைக் காப்பாற்ற வருகிறோம், தயாராக இருங்கள் என்று. எல்லாம் போலி. ஆட்சியைப் பிடித்திருந்த உரால் போல்ஷெவிக்குகளே தயாரித்தது. ஜெனீவாவில் படித்த வொய்க்கொவ் பிரெஞ்சில் சொல்ல, ரகசியப் போலீஸான செக்காவின் ரொட்ஜின்ஸ்கி எழுதினார். தப்பிக்க முயன்றார்கள் என்று காட்டச் சாட்சியம் வேண்டுமே. குடும்பம் நம்பிப் பதில் எழுதியது. அந்தப் பதில் ஒன்றில், டாக்டர் தன்னையும் மற்ற ஆண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார், உங்கள் வேலை கடினமாகிவிடக் கூடாதே என்று, எங்கள் ஏழு பேரையும் அந்தப் பெண்ணையும் மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் வருகிறது. அந்தப் பெண் பணிப்பெண் தெமிதோவா.

வருவது மீட்புப்படை என்றே போட்கினும் நம்பியிருக்க வேண்டும். நம்பித்தான், என்னை விட்டுவிடுங்கள் என்றிருக்கிறார்.

25 ஜூன்

அதே நாட்களில் அவர் படுத்த படுக்கை. ஜூன் 23-ஐ ஒட்டி வலி தாங்க முடியாமல் போய், இரண்டாவது இளவரசி தத்யானா அவருக்கு மார்ஃபின் ஊசி போட்டார். போரின்போது செவிலிப் பயிற்சி பெற்றவர் அவர். அலெக்சாந்திராவின் டைரியில் இருக்கிறது.

குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிப் பாட்டு நினைவுக்கு வந்தது: ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.’ நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த வீட்டில் மருத்துவர் நோயாளி ஆகிவிட்டார், நோயாளி வீட்டுப் பெண் உழைச்செல்வான் ஆகிவிட்டாள்.

29 ஜூன்

சரி, பிள்ளைகள் விஷயம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

போட்கின் கடைசியாக எழுதிய கடிதம் ஒன்று அனுப்பப்படாமலே கிடந்து பிற்பாடு கிடைத்தது. ஜூலை ஆரம்பத்தில் எழுதியது. தான் இறந்தாயிற்று, இன்னும் புதைக்கவில்லை, அல்லது உயிரோடு புதைத்தாயிற்று என்கிறார். 1889-ல் கூடப் படித்தவர்களோடு பகிர்ந்துகொண்ட லட்சியங்களைப் பேசுகிறார். பிறகு அந்த இடம் வருகிறது: கடவுள் கேட்டபோது ஆபிரகாம் ஒரே மகனைப் பலிகொடுக்கத் தயங்காத மாதிரி, மருத்துவக் கடமையைக் கடைசி வரை செய்வதற்காகத் தன் பிள்ளைகளை அநாதைகளாக விடத் தான் தயங்கவில்லை என்கிறார்.

முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. ஆபிரகாமின் மகன் உயிரோடு வீட்டுக்கு வந்தான், அப்பாவும் வந்தார். தபோல்ஸ்கில் இருந்த தத்யானாவுக்கும் க்ளெப்புக்கும் இருபதை ஒட்டிய வயது. அம்மா இல்லை, கையில் காசில்லை, உள்நாட்டுப் போர். கேள்வி கேட்ட நண்பர் சொல்வது இந்த இடத்தில் சரி. ஒரு கடமைக்காக இன்னொரு கடமையை விட்டார், அதன் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை.

பல தடவை படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. தயங்காதவன் ‘தயங்கவில்லை’ என்று எழுதமாட்டான். அந்தக் கடிதம் முழுக்கப் பிள்ளைகள்தான். தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிற ஒரு அப்பா. மஞ்சூரியாவில் மருந்துப் பையை மாட்டிக்கொண்டபோது இந்த விளக்கமெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இருந்தாலும் தத்யானா இடத்தில் நான் இருந்தால் மன்னித்திருப்பேனா? தெரியவில்லை. அவர் மன்னித்ததாகத்தான் அவருடைய நினைவுக்குறிப்புகளில் தெரிகிறது. அப்பாவைப் பற்றி ஒரு கசப்பான வார்த்தை இல்லை.

2 ஜூலை

அந்த இரவைப் பற்றி விவரம் கேட்கிறீர்கள். நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஜூலை 17 விடிவதற்கு முன், யுரோவ்ஸ்கி முதலில் எழுப்பியது போட்கினை. ஊரில் கலவரம், எல்லோரும் கீழே வர வேண்டும், நீங்களே போய் எழுப்புங்கள் என்றார். டாக்டர் எழுப்பினால் யாரும் பதறமாட்டார்கள். அப்பா மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நிலவறையில் பதினொரு பேர்: குடும்பம் ஏழு, போட்கின், தெமிதோவா, சமையல்காரர் ஹரிதோனோவ், பணியாள் த்ருப். போட்கின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையைக் கருவியாக்கி அவரையே எழுப்பவைத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடூரமாகத் தெரிகிறது.

த்ருப், ஹரிதோனோவ், தெமிதோவா பற்றி யாராவது தனி இழை ஆரம்பியுங்கள். அவர்களுக்கும் போகிற வாய்ப்பு இருந்தது.

6 ஜூலை

கொஞ்சம் விலகிப் போகிறேன். ‘நான்தான் ஜாரின் கடைசி மகள் அனஸ்தாசியா, சாகாமல் தப்பித்தவள்’ என்று சொல்லிக்கொண்ட ஆன்னா ஆண்டர்சன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்காக மிகத் தீவிரமாக வாதாடியவர்களில் இரண்டு பேர் யார் தெரியுமா? க்ளெப் போட்கினும் தத்யானா போட்கினாவும். தபோல்ஸ்கில் அனஸ்தாசியாவை நேரில் பார்த்த பிள்ளைகள். க்ளெப் அமெரிக்கா போய் 1969-ல் சாகும் வரை அந்தப் பெண்ணை விடவில்லை. 1994-ல் மரபணுப் பரிசோதனை வந்து, ஆன்னா ஆண்டர்சன் உண்மையில் ஃப்ரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண் என்று காட்டியது.

இதைச் சொல்லி அந்தப் பிள்ளைகளை முட்டாள் என்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிலவறையில் இருந்து ஒரே ஒருத்தியாவது பிழைத்தாள் என்றால் அப்பா போனதற்கு ஒரு பலன் உண்டு. அந்த நம்பிக்கையை விடச் சொல்வது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

9 ஜூலை

மாஸ்கோவில் ‘போட்கின் மருத்துவமனை’ பார்த்ததாக எழுதிய நண்பருக்கு: அது அப்பா செர்கெய் பேரில் இருப்பது. சோவியத் ஆட்சி 1920-ல் வைத்த பேர். மகனைச் சுட்டு இரண்டு வருடத்தில் அப்பாவுக்கு மரியாதை.

10 ஜூலை

புனிதர் பட்டம் பற்றிக் கடைசியாக ஒருவர் கேட்டதற்கு. வெளிநாட்டு ரஷ்யத் திருச்சபை 1981-லேயே அறிவித்தது. மாஸ்கோ திருச்சபை ஜார் குடும்பத்தை 2000-ல் அறிவித்துவிட்டு, போட்கினை 2016 பிப்ரவரியில்தான் சேர்த்தது. பட்டம் சரியா தவறா என்பது அந்தச் சமயத்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது.

கொலையை விசாரித்தவர்கள் காட்டுச் சுரங்கக் குழியில் தேடியபோது போட்கினின் பல்செட் கிடைத்தது. 1991-ல் தோண்டி எடுத்த ஒன்பது பேரில் அவரும் இருந்தார். 1998 ஜூலை 17 அன்று பீட்டர்ஸ்பர்கில் பீட்டர் பால் தேவாலயத்தில் நிக்கோலாஸ், அலெக்சாந்திரா, மூன்று மகள்களோடு அவரையும் மற்ற மூவரையும் அடக்கம் செய்தார்கள். அந்தக் குழியில் அலெக்ஸெயும் மரியாவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரின் எலும்புத் துண்டுகள் 2007-ல் வேறிடத்தில் கிடைத்தன, பரிசோதனையிலும் உறுதியானது. எலும்புகள் உண்மையா என்று திருச்சபை வருடக்கணக்காக ஆராய்ந்துகொண்டே இருந்ததில், 2015-ல் ஒரு மடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நான் இதை எழுதும்போதும் அடக்கம் நடக்கவில்லை.

பத்து வருடம் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டருக்கு 1998-ல் இடம் கிடைத்துவிட்டது. பையனையும் அவன் அக்காவையும் கொண்டுவந்து அங்கே வைக்கட்டும். இனியும் தாமதிக்க ஒரு காரணமும் இல்லை.